ஆண்கள் அறையில் ஒரு நாய்த் தட்டு

பதினாறு மணி நேரம் தெல்மா ஒரு போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வண்டியின் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே அந்தப் போர்வையைக் கட்டியது அவள் மகள் ரோவீனா. ஓட்டியதும் அவள்தான். ரோவீனாவுக்குப் பக்கத்தில் அவள் கணவன் கிளிஃப்டன். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதோ, பேசிக்கொள்வதோ டிங்கா போர் என்ற அவர்களுடைய ஆதிக்குடிப் பாலைவன ஊரில் யாரும் செய்யாத காரியம். எங்கே போனாலும் இரண்டு வண்டியில்தான் போவார்கள். கிளம்புகிற அன்று பார்த்து இரண்டாவது வண்டியின் கியர் பெட்டி உயிரை விட்டது.

"உங்கம்மாவுக்கு எங்கயாவது இறங்கணுமான்னு கேளு," என்றான் கிளிஃப்டன், கூபர் பீடி ஊரைத் தாண்டியதும்.

போர்வை மெல்லியதுதான். தெல்மாவுக்கு எல்லாம் கேட்டது. ஆனாலும் ரோவீனா தலையைத் திருப்பி, "அம்மா, இறங்கணுமா?" என்று கேட்டாள்.

"அடுத்த பெட்ரோல் பங்க்ல நிறுத்து. அப்படியே அந்த ரேடியோவையும் நிறுத்து. யாரு பாடறான் அது? தொண்டையில மணலு அடைச்ச மாதிரி."

முன்சீட்டில் பாட்டு நின்றது.

"ரேடியோ கெட்டுப் போயி மூணு மாசமாச்சும்மா," என்றாள் ரோவீனா.

தெல்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த நூறு மைலுக்குக் கிளிஃப்டன் பாடவில்லை.

கிளிஃப்டனைக் கூட்டிவர வேண்டும் என்று தெல்மா நினைத்ததே இல்லை. அது அருங்காட்சியகத்தின் ஏற்பாடு. போனில் பேசிய அலிஸ்டர் என்பவர், நீங்கள் கேட்கிற பொருள் ஆண்களின் ரகசியச் சடங்குப் பொருள், ஆண்கள் மட்டுமே நுழையும் அறையில் இருக்கிறது, ஆகவே சடங்கு முடித்த ஓர் ஆண் வந்துதான் பார்க்க முடியும், உங்கள் வழக்கத்தை மீற எங்களுக்கு உரிமை இல்லை என்றார். மிகுந்த பணிவோடு சொன்னார். தெல்மாவின் அண்ணன் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிறான். வேறு ஆண் கிளிஃப்டன்தான். வழக்கத்தை மதிப்பதற்காக ஒரு மாமியாரையும் மருமகனையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டோம் என்பது அலிஸ்டருக்குத் தெரியாது. தெல்மா சொல்லவில்லை. போனில் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அவள் கேட்கிற பொருள் ஒரு மரத்தட்டு. தெல்மாவின் அம்மா ஏழு வயதில் தன் கையால் குடைந்தது. பிள்ளைக் கை. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு. ஒரு முனையில் விரிசல். தண்ணீர் நிற்காது. பெரியவர்கள் சிரித்துவிட்டு அதை நாய்களுக்குப் போட்டார்கள். நாய்கள் கறித்துண்டைத் தின்றன, பிறகு தட்டையும் கொஞ்சம் தின்று பார்த்தன. அந்தச் சமயத்தில்தான் ஒட்டகத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் அருங்காட்சியகத்துக்கென்று வாங்கினார். நாய்க்கு முன்னால் இருந்த தட்டையும் ஒரு டின் ஜாமுக்கு வாங்கிக்கொண்டார். அம்மா சாகிறவரை இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தட்டுக்காக நாய் அழுததாகவும், ஜாம் தின்றபின் சமாதானமானதாகவும் சொல்வாள்.

ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். தெல்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என் தட்டு அங்கயே கெடக்கு," என்றாள். அதற்கு மேல் சொன்னதைத் தெல்மா மட்டும்தான் கேட்டாள். அம்மா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. தட்டு வந்து சேராமல் அந்தச் சாவு முடியாது. தெல்மா இன்னும் துக்கத்தில்தான் இருக்கிறாள். அம்மாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. அதே பெயருள்ள ஆஸ்பத்திரி நர்சையும், கடைக்காரரின் மனைவியையும் இப்போது ஊரே குன்மனாரா என்றுதான் கூப்பிடுகிறது. செத்தவர் பெயரைத் தாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான்.

அருங்காட்சியகத்தின் கிடங்கு நகரத்துக்கு வெளியே, ஒரு டயர் கடைக்கும் நீச்சல்குளப் பம்பு விற்கிற கடைக்கும் நடுவே இருந்தது. அலிஸ்டர் வாசலிலேயே காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆதிக்குடிகளின் புள்ளி ஓவியம் போட்ட காலுறை. கண்ணை மூடிக்கொண்டு, இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு, சென்றவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் வணக்கம் சொன்னார். காற்று பலமாக அடித்தது. வணக்கம் நீளமாக இருந்தது.

"இது நம்ம மண்ணு இல்லியே," என்று கிளிஃப்டன் மனைவியின் காதில் சொன்னான்.

"சும்மா இரு. யாருக்கோ போய்ச் சேரும்."

அலிஸ்டருக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பழுதான பொருட்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது அவள் வேலை. அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை ரோவீனா படித்தாள். படித்ததும் அம்மாவைப் பார்த்தாள். பாட்டியின் பெயர்.

"உங்கள நாங்க குன்மனாரான்னு கூப்பிடலாமா?" என்றாள் ரோவீனா.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு... உங்க மொழியில ஒரு பேரா? இப்பத்தான் வந்தீங்க, அதுக்குள்ளயா?"

"பாத்த உடனே தோணிச்சு," என்றாள் ரோவீனா.

உள்ளே போனதும் கிளிஃப்டனை மட்டும் அலிஸ்டர் அழைத்துப்போனார். இரண்டு கதவு, இரண்டு பூட்டு. இரண்டாவது கதவில் பெண்கள் நுழையக் கூடாது என்று பெரிதாக எழுதியிருந்தது. அம்மாவும் மகளும் தாழ்வாரத்தில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குன்மனாராவும் அவர்களோடு வந்து உட்கார்ந்தாள். அவளும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

"முன்னாடியெல்லாம் நான்தான் அதைப் பாத்துக்கிட்டேன்," என்றாள் அவள். "ஒரு முனையில விரிசல் விட்டிருந்துச்சு. எட்டு வாரம் உக்காந்து அடைச்சேன். செல்லு அரிக்காம இருக்க குளிர்பெட்டியில வச்சு எடுத்தேன். அப்புறம் அலிஸ்டர் வந்து அது ஆம்பளைங்க பொருள்னு கண்டுபிடிச்சாரு. பதினோரு வருஷமா நான் அதைப் பாக்கல. இப்ப பூச்சிப் பிரிவுலேருந்து ஒரு ஆள் வந்து தூசி தட்டறாரு. அவருக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஆம்பள."

"விரிசல அடைச்சீங்களா?" என்றாள் தெல்மா.

"சுத்தமா. இப்ப தண்ணி ஊத்தினா ஒரு சொட்டு ஒழுகாது."

தெல்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எண்பது வருடத்துக்கு மேல் தாமதமாக, அம்மாவின் தட்டில் தண்ணீர் நிற்கிறது.

கிளிஃப்டன் வெளியே வந்தான். மாமியார் இருந்த பக்கம் பார்க்காமல் குளிர்பான இயந்திரத்தைப் பார்த்து நின்றுகொண்டான். தெல்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். அலிஸ்டரும் குன்மனாராவும் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்று தங்கள் மொழியில் கேட்டாள் ரோவீனா.

"ஒரு முழம்கூட இருக்காது. ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் தகடா. அதைப் பட்டு மாதிரி ஒரு துணி மேல வச்சிருக்காங்க. கையுறை போட்டுத்தான் தொடணுமாம். ஓரத்துல பள்ளம் பள்ளமா இருக்கு, இந்தாளு அதைக் காட்டி, நாலு நாலா வரிசையா வருது பாருங்க, இது முன்னோர்கள் நடந்த பாதையா, நீங்க சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேண்டாம்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லக் கூடாதுன்னேன்."

"அது என்னது?"

"நாய்ப் பல்லு."

ரோவீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சுவரைப் பார்த்திருந்த தெல்மாவின் முதுகும் குலுங்கியது. அலிஸ்டர் ஓசைப்படாமல் வந்து பெஞ்சின் மேல் ஒரு டிஷ்யூப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எல்லோரையும் ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மேசை, ஐந்து நாற்காலி. வெள்ளரிக்காய் சாண்ட்விச் இருந்தது. கிளிஃப்டன் ஒன்றைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு மூடி வைத்தான். அலிஸ்டர் ஒரு தள்ளுவண்டியை உருட்டிவந்தார். அதன் மேல் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி. தெல்மாவைக் கிளிஃப்டனுக்கு நேர் எதிரில் உட்காரச் சொன்னார். தெல்மா தன் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலைத்துணியைக் கன்னத்துக்கு இறக்கிக்கொண்டாள். கிளிஃப்டன் கதவைப் பார்த்து உட்கார்ந்தான்.

அலிஸ்டர் விளக்கைக் குறைத்தார்.

"பாத்தீங்களா," என்றார் குன்மனாராவிடம், மூச்சே பேசுவது போல. "அதே மாதிரி. இதைச் சேகரிச்சவரும் இதையேதான் சொல்லியிருக்காரு. பொருளைக் கையில எடுத்ததும் பொம்பளைங்க எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, ஒருத்தரும் வாய் திறக்கலன்னு. அதை வச்சுத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் கண்டுபிடிச்சேன்."

தெல்மாவுக்கு அந்த ஒட்டகக்கார வெள்ளைக்காரரை நினைத்தால் பாவமாக இருந்தது. அவருக்கு வழி காட்டி வந்தவன் அந்தப் பெண்களில் ஒருத்தியின் மருமகன். அவன் ஒட்டகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால் பெண்கள் எந்தப் பக்கம்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள்? அம்மா இதையும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"ரோவீனா," என்று தங்கள் மொழியில் மெல்லக் கூப்பிட்டாள். "இவருகிட்ட உண்மையச் சொல்லிடலாமாடி? பாவமா இருக்கு."

ரோவீனா அலிஸ்டரிடம் திரும்பினாள். "சும்மா ஒரு சந்தேகம். இது ரகசியப் பொருளா இல்லாம, ஒரு சாதாரணத் தட்டா இருந்தா?"

"அப்படின்னா கஷ்டம்," என்றார் அலிஸ்டர். "ரகசியப் பொருளைத் திருப்பிக் குடுக்க அரசாங்கமே ஏற்பாடு வச்சிருக்கு. இந்த வாரமே முடிச்சிடலாம். சாதாரணப் பொருளுக்கு அப்படி வழியே இல்ல. குழு கூடணும், விசாரிக்கணும், இப்ப வரிசையில நிக்கறதுக்கே அஞ்சாறு வருஷம் ஆகும். ஆனா கவலைப்படாதீங்க. இது சாதாரணம் இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அம்மா," என்றாள் ரோவீனா. "வாயத் தொறக்காத."

தெல்மா வாயைத் திறக்கவில்லை. அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த இடத்தில் எவ்வளவு மரியாதை!

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி," என்றார் அலிஸ்டர். "இதை அங்க எங்க வைப்பீங்க?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஹார்ன் அடித்தது. டயர் கடைக்கு வந்த லாரி, அவர்கள் வண்டி வழியை மறிக்கிறது என்று கத்தியது. "ரெண்டு நிமிஷம்," என்று ரோவீனா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அறையில் பேச்சைக் கடத்த ஆளில்லை. மேசைக்கு ஒரு பக்கம் மாமியாரின் முதுகு, மறுபக்கம் மருமகனின் முதுகு.

கிளிஃப்டன் தொண்டையைச் செருமினான். மாமியாருக்கு உதவி செய்ய அவனுக்கு வாழ்க்கையில் கிடைக்கிற சந்தர்ப்பங்கள் குறைவு.

"எங்க வைப்போம்னா, பிரதர்," என்றான், "தனியா ஒரு கட்டடம் இருக்கு."

"அப்படியா!"

"ஆம்பளைங்களுக்கு மட்டும். ரெண்டு பூட்டு. உங்களது மாதிரியே. ஏசி உண்டு. கண்ணாடிப் பெட்டி சொல்லியாச்சு."

டிங்கா போரில் ஏசி இருக்கிற கட்டடம் ஆஸ்பத்திரி மட்டும்தான், அதுவும் வெயில் கொளுத்துகிற டிசம்பரில் ஓடாது. தெல்மா சுவரை முறைத்தாள்.

"வெப்பநிலை இருபது டிகிரியில நிக்குமா?" என்று கேட்டாள் குன்மனாரா, கவலையோடு.

"பத்தொம்போது வேணும்னாலும் வைக்கலாம்," என்றான் கிளிஃப்டன்.

அலிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இவ்வளவு தூரம் யோசிச்சிருக்கீங்க. நான் ஒவ்வொரு வருஷமும் வந்து பாக்கறேன். ஈரப்பதம் அளக்கற கருவி நானே கொண்டுவரேன். இது நம்ம எல்லாருக்கும் அப்புறமும் இருக்கும். பொம்பளைங்க பக்கத்துலயே வராதபடி பாத்துக்குவீங்க இல்ல?"

"ஒருத்திகூட வரமாட்டா," என்றான் கிளிஃப்டன்.

தெல்மாவுக்குக் காது சுட்டது. தட்டு கிடைத்துவிட்டது. டிங்கா போருக்கு வரப்போகிறது. வந்து, அங்கே இல்லாத ஒரு கட்டடத்தில், இல்லாத கண்ணாடிப் பெட்டியில் இருக்கப்போகிறது. வருடா வருடம் இந்த நல்ல மனிதர் கருவியோடு வந்து நிற்பார். அவர் வருவதற்குள் கிளிஃப்டன் நிஜமாகவே ஒரு கட்டடம் கட்டிவிடுவான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், அதுதான் அவனிடம் உள்ள குறை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகச் செத்தவள் செய்த தட்டை எந்தப் பெண்ணும் தொட முடியாது. அம்மா படுக்கையில் என்ன சொன்னாளோ அது மட்டும் நடக்காது.

அவள் வாசலைக் கவனித்தாள். ரோவீனாவின் செருப்புச் சத்தம் இல்லை. லாரிக்காரனோடு அவள் சண்டை போடுவதுதான் கேட்டது. அது சீக்கிரம் முடிகிற சண்டையாகத் தெரியவில்லை.

தெல்மா ஐந்து வயதிலிருந்து தெரிந்துவைத்திருந்த ஒன்றை அறுபது வயதில் மீறப்போகிறாள். உடம்பெல்லாம் வெட்கம் ஏறியது. சுவரைப் பார்த்தபடியே தன் மொழியில், யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்:

"இந்த அறையில யாராவது என் பேச்சைக் கேக்கக் கூடாதவங்க இருந்தா, காதைப் பொத்திக்கட்டும்."

கிளிஃப்டன் அடிபட்டவன் போலத் துள்ளினான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை முழங்கால் வரை குனிந்தான். அதைப் பார்த்ததும் அலிஸ்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவரும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

குன்மனாரா மட்டும் மிச்சம். எதைப் பொத்துவது என்று தெரியாமல் அவள் சாண்ட்விச் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெல்மா எழுந்து அவளிடம் வந்தாள். ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசினாள்.

"அது ஆம்பளைங்க சாமான் இல்லம்மா. எங்கம்மா செஞ்சது. ஏழு வயசுல. நல்லா வரல, அதனால நாய்க்குப் போட்டாங்க. அந்தப் பள்ளமெல்லாம் நாய் கடிச்சது. நாங்க முகத்தத் திருப்பறது தட்டுக்காக இல்ல. அதோ குனிஞ்சு உக்காந்திருக்கே, அது என் மருமகன். நான் அவன் முகத்தப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

குன்மனாரா பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "அப்படின்னா நான் அதைப் பாக்கலாமா?" என்றாள். அதுதான் அவள் முதலில் கேட்டது. பதில் வருவதற்குள் கறுப்புத் துணியை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

தட்டு சின்னதாக இருந்தது. தெல்மா நினைத்திருந்ததைவிடச் சின்னது. உளி கோணலாக இறங்கிய இடங்கள் தெரிந்தன. கோபத்தில் ஒரே இடத்தில் அம்மா நாலைந்து முறை வெட்டியிருந்தாள். தெல்மா கையுறை இல்லாமல் அதன் மேல் விரலை வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"விரிசல் இங்கதான் இருந்துச்சு," என்றாள் குன்மனாரா. "இப்பத் தெரியவே தெரியாது. பாருங்க. இன்னும் இருநூறு வருஷம் தாங்கும்."

"நல்ல வேலை," என்றாள் தெல்மா. உண்மையாகத்தான் சொன்னாள்.

அலிஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். திறந்திருந்த பெட்டியையும், அதன் மேல் இரண்டு பெண்களின் கைகளையும் பார்த்தார். காதிலிருந்து கையை எடுக்கலாமா என்று கிளிஃப்டனைப் பார்த்தார். கிளிஃப்டன் எடுக்கவில்லை.

"கையை எடு தம்பி," என்று அலிஸ்டருக்குச் சைகையோடு சொன்னாள் தெல்மா.

"ஆன்ட்டி, இது... நீங்க இதை..."

"நாய்த் தட்டு," என்றாள் குன்மனாரா. "இவங்க அம்மா செஞ்சது. நாய்த் தட்டு, அலிஸ்டர்! பதினோரு வருஷம்!"

அலிஸ்டர் உட்கார்ந்தார். ஒரு சாண்ட்விச்சை எடுத்தார், வைத்தார். காலுறையைப் பார்த்தார். நெடுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தியபோது அவர் முகம் சாதாரண மனிதர் முகமாக இருந்தது.

"அந்தக் கட்டடம்?" என்றார்.

"இல்ல."

"ஏசி?"

"அவன் என் மேல இருக்கற மரியாதையில சொல்லிட்டான். நல்ல பையன். நான் இப்படிச் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாத."

"அஞ்சாறு வருஷம் ஆகும்னு சொன்னேனே, ஆன்ட்டி. நீங்க பேசாமலே இருந்திருக்கலாம். நாளைக்கே கையில கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்."

"நான் குழுகிட்ட பேசறேன். நானே சண்டை போடறேன். ஆனா அவங்களும் இதைத்தான் முதல்ல கேப்பாங்க. நீங்க இன்னும் சொல்லல." அவர் குரல் கெஞ்சியது. "வீட்டுல வச்சாலும் பரவாயில்ல. அலமாரியில வச்சாலும் பரவாயில்ல. இதைக் கொண்டுபோய் எங்க வைப்பீங்க?"

தெல்மா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க ஊர்ல ஒருத்தர் போயிட்டா, அவங்க கை பட்டது எதுவும் மிஞ்சக் கூடாது," என்றாள். "எங்கம்மா துணி போயிடுச்சு. மெத்தை போயிடுச்சு. டம்ளர்கூட போயிடுச்சு. இது ஒண்ணுதான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு இருக்கு. அவ இன்னும் போக முடியாம நிக்கறா. நாங்க இதை வைக்கப் போறதில்ல, தம்பி. எரிக்கப் போறோம்."